ஐந்து நிமிட வேலை

எதையும் பொடியாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்று நம்பியவர் எங்கள் மேனேஜர். இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் சின்னக் கம்பெனி. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ரிப்போர்ட் அச்சடிக்கும் சாஃப்ட்வேர் செய்தோம். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருமுனை லேபிலும் அதுதான் ஓடியது. அப்பா மாதாமாதம் சர்க்கரை பார்த்துவிட்டு வந்து, "உன் ரிப்போர்ட் வந்தாச்சு" என்று என்னிடம் நீட்டுவார். எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்புதான்.

புது வெர்ஷன்களை வெளியே அனுப்பும் பொறுப்பு என் சீனியர் அக்காவுடையது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அக்காவும் வேலையை விட்டுக் கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க தலையில இருக்கறதை எல்லாம் வேலைப் பட்டியல் போடற டூல்ல ஏத்திடுங்க. சின்னச் சின்ன சப்டாஸ்க்கா உடைங்க. நாளைக்கு யார் வந்தாலும் டிக் அடிச்சுக்கிட்டே போகணும்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினேன். ஒரே வரியாக இருந்த வேலை நாற்பத்திரண்டு துண்டுகளானது. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தால் தலைப்பு வரி தானாகப் பச்சையாகும். பச்சையான எதையும் எங்கள் ஆபீசில் யாரும் திறந்து பார்த்ததில்லை.

அன்று ஒரு வெர்ஷனை அனுப்பிக் காட்டிய கடைசியில் அக்கா ஃபோனை எடுத்து எங்கள் தெரு லேபைக் கூப்பிட்டார். புது வெர்ஷன் போனதும் அவர் எப்போதும் செய்வதுதான். டெக்னீஷியன் அலுத்துக்கொண்டது எனக்கே கேட்டது.

"இன்னா மேடம், மறுபடியுமா? கூட்டமா கீது, பேஜார் பண்றீங்களே!"

"ஒரே ஒரு பழைய ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்துப் படிங்கண்ணா. பேர், வயசு, சர்க்கரை. அவ்ளோதான்."

அவர் படிக்கப் படிக்க, அக்கா டிராயரில் வைத்திருந்த அதே ரிப்போர்ட்டின் பழைய பிரதியில் விரலை ஓட்டினார். பிறகு என்னிடம், "இதையும் எழுதிக்கோ" என்றார்.

"எதுக்குக்கா? இங்கயே டெஸ்ட் பண்ணிட்டுத்தானே அனுப்பறோம்?"

"இங்க இருக்கறதெல்லாம் நாம டைப் பண்ணின ஆளுங்க. அங்க நிஜ ஆளுங்க."

ஐந்து நிமிடம் என்று போட்டேன். கட்டம் சிவந்தது. அரை மணிக்குக் குறைந்த சப்டாஸ்க்கை டூல் ஏற்கக்கூடாது என்று மேனேஜரே அமைத்திருந்தார். "ஃபோன் பண்றதெல்லாம் ஒரு டாஸ்க்கா? எடுத்துடுங்க" என்றார். அரை மணி என்று பொய்யாவது போட்டிருக்கலாம். ஆனால் பட்டியல் அவ்வளவு அழகாக வந்திருந்தது, அதில் பொய்யை நுழைக்க மனம் வரவில்லை. அழித்துவிட்டேன்.

கிளம்பும் நாளில் அக்கா கேட்டார். "எல்லாம் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்கா" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வெர்ஷன் என் பொறுப்பில் போனது. நாற்பத்திரண்டும் டிக். கை ஃபோன் பக்கம் போனதென்னவோ உண்மை. பட்டியலில் இல்லையே, அந்த ஆளிடம் எதற்குப் பேச்சு வாங்க வேண்டும் என்று கையை எடுத்துக்கொண்டேன். திரை பச்சையானது. மேனேஜர் எல்லோருக்கும் பாராட்டு மெயில் அனுப்பினார்.

பத்து நாள் ஒரு புகாரும் வரவில்லை. வழக்கமாக எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாவது யாராவது கூப்பிடுவார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், அப்பா ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார்.

"சர்க்கரை நார்மல்னு வந்துடுச்சும்மா. மாத்திரைய நிறுத்தி ஆறு நாளாச்சு."

ஃபிரிட்ஜ் மேல் இருந்த தாளை எடுத்தேன். பெயர் அப்பாவுடையது. வயது முப்பத்தொன்று. பெண். அதற்குக் கீழே, ஒரு நோயும் இல்லாத யாரோ ஒருத்தியின் எண்கள்.

"பேர் சரியாத்தானே இருக்கு?" என்றார் அப்பா. பெயரையும் நம்பரையும் தவிர யார் எதைப் பார்க்கிறார்கள்?

"அப்பா, அதைக் கீழ வைங்க."

லேபுக்கு ஃபோன் போட்டேன். "இன்னா மேடம், இந்த வாட்டி படிக்கச் சொல்லி ஃபோனே காணோம்" என்றார் டெக்னீஷியன். அப்பா ரத்தம் கொடுத்த நாளின் நோட்டைப் பிரிக்கச் சொன்னேன். அப்பாவுக்கு அடுத்து ரத்தம் கொடுத்தவள் முப்பத்தொரு வயதுப் பெண். ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த ஆளின் எண்கள் ஏறியிருக்கின்றன. அப்படியென்றால் அப்பாவுடையது அவருக்கு முன்னால் வந்தவரிடம் போயிருக்க வேண்டும்.

"அப்பாவுக்கு முன்னாடி யாருண்ணா?"

"ஒரு பொண்ணு மேடம். ஏழு மாசம். ரிப்போர்ட்ட வாங்கிகினு அழுதுகினே போச்சு. அப்பால டாக்டர் சர்க்கரைக்கு ஊசி போடச் சொல்லிட்டாராம்."

"அட்ரஸ் சொல்லுங்க. நான் இப்பவே போறேன்."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"அட்ரஸ் போடறதுக்கு உங்க சாஃப்ட்வேர்ல எடமே இல்லியே மேடம். நோட்டுலயும் பேர், வயசு மட்டும்தான் கீது."