மனு எழுதி வாங்கிய தோட்டம்

தக்காளிச் செடியைத் தொட்ட கையில் ஒரு பச்சை வாடை ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது. ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க என் நோட்டுப் புத்தகத்தில்கூட அந்த வாடைதான். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் காலனியில், பூங்காவுக்கென்று விட்டு, கேட்பாரில்லாமல் குப்பை சேர்ந்து கிடந்த 'பார்க் எட'த்தை அம்மாவும் எதிர்வீட்டு எஸ்தர் அக்காவும் கொத்திக் கிளறி, வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை என்று நிரப்பியிருந்தார்கள். ஞாயிறு காலையில் காலனி கேட்டருகே சாக்கு விரித்துக் காலனிக்காரர்களுக்கே விற்பார்கள். வீட்டில் எதற்கும் அபிப்பிராயம் கேட்கப்படாத அம்மாவிடம் ஊரே யோசனை கேட்டு வந்து நின்றது அந்த ஒரு வருடம்தான்.

அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். "எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும். நாளைக்கு எவனாவது வந்து காலி பண்ணுன்னா என்ன செய்வே? நகராட்சிக்கு ஒரு மனு போட்டுடுவோம்" என்றார்.

"நல்லாத்தானே போகுது, அவங்களை எதுக்குங்க கூப்பிடணும்?" என்றாள் அம்மா. அவள் சொல்லை யார் கேட்டார்கள்? என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எங்களுக்குத் தேவை ஒரு குழாயும் வேலியும்தான். ஆனால் மனு என்றால் அதற்கென்று ஒரு நடை உண்டே, 'காலியாக உள்ள இடத்தில் சமுதாயத் தோட்டம் அமைத்துத் தருமாறு பணிவன்புடன்' என்று எழுதவைத்தார்.

நகராட்சியின் ஆதரவு வந்தது, அவர்களே வைத்த திறப்பு விழாவுக்கு முதல் நாள், லாரி நிறைய சிமெண்டுக் கற்களோடு. காய்த்து நின்ற வெண்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் அம்மா ஓடினாள்.

"ஃபைல்ல காலி எடம்னுதான்க்கா கீது. பெரிய சாருங்கோ ஷூவுல சேறு ஒட்டுனா எங்களுக்குத்தான் பேஜாரு" என்றார் அவர்.

மறுநாள் அதிகாரிகள் அந்தக் கற்களின் மேல் நின்று, தொட்டியில் கொண்டுவந்த செடிக்கு நீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஒரு கேட்டும் பூட்டும், சாவி நகராட்சி அலுவலகத்தில். அப்பா சாவிக்கும் ஒரு மனு போட்டார். அம்மா அதன் பிறகு ஒரு விதைகூட ஊன்றவில்லை. எனக்கு அப்பா மேல் இன்றும் கோபம்தான். அந்த அழகான கையெழுத்தின் மேல் அதைவிடக் கோபம்.

இப்போது அங்கே நடைபயிற்சிப் பாதை இருக்கிறது. தோட்டம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாக்கு இல்லை, அம்மாவும் இல்லை. நான் காலனிச் சங்கத்தின் செயலாளர். போன மாதம் ஓர் அதிகாரி வந்தார், நல்ல மனிதர்தான். "காய்கறித் தோட்டம் போட சப்போர்ட் பண்றோம் சார், ஏதாவது எடம் இருந்தா காட்டுங்க" என்றார். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், எங்கள் தெருவில் துணி தேய்க்கும் பெண் சத்தமில்லாமல் அரைக்கீரையும் கொத்தவரையும் போட்டிருக்கிறாள்.

"அப்படி எதுவும் இங்க இல்ல சார்" என்று சொல்லி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.