விசிறிக் கூட்டில் பின்னிய மூடி

சண்டை ஓய்ந்து சில வருடங்களுக்குப் பிறகு, என் கடைசி மகளைப் பெண் பார்க்கக் கற்பிட்டியிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்களில் விருந்தென்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். தட்டு இருந்தது. அதை மூடும் ஓலை மூடியை, சண்டையில் இடம்பெயர்ந்தபோது மன்னாரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மூடாத சஹனைச் சபையில் வைப்பது மரியாதையில்லை.

மூலையில் ஓடாத விசிறி ஒன்று நின்றது. அதன் முன்பக்கக் கம்பிக்கூட்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். மூடியின் வடிவம் அப்படியே இருந்தது.

"உம்மா, ஃபேன் கூட்டையா சபையில வைக்கப் போறீங்க? சிரிச்சிட்டு எழும்பிப் போவாங்க," என்றாள் மகள், அழாக்குறையாக.

"நீ போய்த் தலையைச் சீவு."

பாய் பின்னிய கைக்கு இது பெரிய வேலையா? சாயம் போட்ட பனையோலையைக் கம்பிகளுக்கிடையே விட்டுப் பின்னினேன். கூடு தட்டைவிடச் சிறியது என்பதால், விளிம்பில் நான்கு விரல் அகலம் ஓலையைக் கூட்டினேன்.

பெண்களின் சஹனில் மாப்பிள்ளையின் உம்மாதான் மூடியைத் தூக்கினார். சோற்றைப் பார்க்காமல் மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"இது ஃபேன் கூடுதானே?"

"ஓம். நான்தான் பின்னினன்." நான் தலை குனியவில்லை.

"எனக்கும் ஒண்டு செஞ்சு தாங்க மச்சி."

"உங்கட ஃபேன் ஓடுதுதானே? அது பழுதாகி நிக்கட்டும், செஞ்சு தாறன்."

சிரிப்பு அடங்கித்தான் பிஸ்மில்லா சொன்னோம்.

நிக்காஹ் நாளில் மாப்பிள்ளையின் உம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து இறங்கினார். கையில் ஒரு விசிறிக் கூடு.