ரேடியேட்டரில் சாமந்திப்பூ

பாலாநகர் தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் என் பிக்கப் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஆயில் மாற்றுவது, பெல்ட் பார்ப்பது எல்லாம் நானே செய்வேன். வெள்ளிக்கிழமை தவறாமல் முன்பக்கம் சாமந்தி மாலையும் உண்டு. "எனக்கு என்னிக்காவது ஒரு முழம் வாங்கித் தந்திருக்கீங்களா?" என்பாள் மனைவி கோமளா.

அப்படிப்பட்ட வண்டி சூடேறிச் சூடேறி வழியில் நிற்க ஆரம்பித்தது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றினேன், தீரவில்லை. இன்ஜினே போய்விட்டது என்று முடிவுகட்டி, மனசில்லாமல் விற்கத் துணிந்தேன்.

பார்க்க வந்தவர் ரஷீத் பாய். ஆம்பூர்க்காரர், மௌலா அலியில் காய்கறி வியாபாரம். குறை சொல்லி விலையை அடிப்பார் என்று விறைப்பாக நின்றேன். அவர் மாலையை ஒதுக்கி, கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்தார். ரேடியேட்டர் முழுக்கக் காய்ந்த சாமந்தி இதழ்கள் அப்பிக்கிடந்தன.

"நக்கோ அண்ணே, விக்காதீங்க! இன்ஜின் நல்லாத்தான் இருக்கும். பூவைப் போட்டு நீங்கதான் அதுக்கு மூச்சடைச்சுட்டீங்க."

"அப்போ வண்டி உங்களுக்கு வேணாமா பாய்?"

"வேணும்னுதான் வந்தேன். கண்ணால பாத்துட்டேனே, எப்படிச் சொல்லாம இருக்கறது?"

இருவருமாகக் கிரில்லைக் கழற்றி, இதழ்களைத் தேய்த்துக் கழுவினோம். உச்சி வெயிலில் சனத்நகர் வரை ஓட்டிப் பார்த்தோம். சூடுகாட்டும் முள் நடுவை விட்டு நகரவில்லை.

வண்டியை வாங்கி ஓட்டிப்போக வந்தவர் பஸ் ஏறிப் போனார். அதை நினைத்தால் இன்றும் என் மனசு நிறைகிறது. வெள்ளிக்கிழமைப் பூவை நான் நிறுத்தவில்லை. வண்டிக்கு டாஷ்போர்டில் ஒரு சின்னச் சரம், கோமளாவுக்கு ஒரு முழம்.