பனிக்கடலில் துட்டிக் குளிப்பு

அப்பா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவன் ஒரு ரஷ்யாக்காரன், கப்பலின் ரேடியோ அதிகாரி. அடுக்களை வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, "ஃபாதர்" என்றான். கொஞ்சம் யோசித்து, "ஃபினிஷ்" என்றான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன். அழுவதற்கு அதைவிட வசதியான வேலை கிடையாது. ஆனாலும் கண் காய்ந்துதான் கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. முன்பு கடலாராய்ச்சிக்காக ஓடிய சிறிய கப்பல், சோவியத் நாடு உடைந்தபின் பிழைப்புக்கு வழியில்லாமல், பயணிகளை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் வால்முனையிலிருந்து அண்டார்டிகாவுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தது. ஒரு டவுன் பஸ்ஸில் நெருக்கினால் அடங்கிவிடுகிற கூட்டம்தான். எல்லோருக்கும் சிவப்பு மேலங்கி. ரப்பர் படகில் கரைக்குப் போவதற்கு முன்னும், போய்வந்த பின்னும், பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கித் தேய்க்க வேண்டும். அந்த மண்ணில் எதையும் விட்டுவரக் கூடாது. அங்கிருந்து எதையும் எடுத்துவரவும் கூடாது. ஒரு கூழாங்கல்கூட. கோயிலுக்குள் நுழைபவர்கள்போல அவர்கள் காலைக் கழுவிக்கொண்டு இறங்குவதை, சமையல் உதவியாளனான நான் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பம்பாய் ஏஜெண்ட் வழியாக வந்த செய்தியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

வேண்டுமென்றேதான் தாமதித்திருக்கிறார்கள். பிறகு துறைமுகத்திலிருந்து போன் செய்தபோது தம்பி சொன்னான்: "கடலுக்கு நடுவுல கெடந்துக்கிட்டு நீ என்னண்ணே செய்வ? எல்லாத்தையும் முடிச்சிட்டுச் சொல்லுவோம்னு அம்மாதான் சொன்னா. நான் கொள்ளி வச்சிட்டேன். நீ வெசனப்படாத."

அன்பினால் செய்த தப்பு. ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கணக்கே வேறு. பெற்றவர் சாவு, மகன் காதில் என்றைக்கு விழுகிறதோ அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் நாள். தச்சநல்லூர் வீட்டில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, வீட்டைக் கழுவி, உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு, அவரை வழியனுப்பிவிட்டார்கள். இங்கே பனிக்கட்டிகள் மிதக்கிற கடலில் அவர் அப்போதுதான் இறந்திருக்கிறார். ஒரே மனிதர் இரண்டு இடங்களில் இரண்டு நாட்களில் இறக்கும்போது, நடுவில் இருக்கிற நாட்களில் அவர் எங்கே இருப்பார்? அதை யாரிடம் கேட்பது?

துட்டி கேட்டால், அதாவது சாவுச் செய்தி காதில் விழுந்தால், முதலில் முங்க வேண்டும். கேட்டபோது உடுத்தியிருந்த துணியோடு, தலை நனைய. கப்பலில் எங்கள் குளியலறை ஒரு நிமிர்த்திய பெட்டி. தலையில் விழத் தண்ணீர் இருந்தது. முங்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் கடல் கிடந்தது. எழுந்து போய் விழுந்துவிட முடியாத கடல்.

அன்று மத்தியானம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பயணிகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கப்பல் காற்றில்லாத குடாவில் நிற்கும்போது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நீச்சல் உடையில் பனிக்கடலுக்குள் குதித்து, அலறிக்கொண்டே ஏணியில் ஏறிவிட வேண்டும். மேலே துண்டும் ஒரு மடக்கு வோட்காவும் தயாராக இருக்கும். வேலைக்காரர்களுக்கு அதில் இடமில்லை.

தலைமைச் சமையற்காரர் பிலிப்பைன்ஸ்காரர். அவரிடம் போய், நானும் குதிக்க வேண்டும் என்றேன். பைத்தியமா என்று கேட்டார். என் அப்பா, என்றேன். அதற்குமேல் துட்டி சொல்ல எனக்கு ஆங்கிலம் கிடையாது. அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு போய், பயணத் தலைவரிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்து அனுமதி வாங்கிவந்தார். கயிற்றை அவரே கட்டினார். சட்டையைக் கழற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

சிவப்பும் நீலமுமாக நீச்சல் உடைகள் நின்ற வரிசையில், மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சமையல் அங்கியோடு நான் நின்றேன். பார்த்தவர்கள் அதைப் பெரிய வேடிக்கை என்று நினைத்தார்கள். கேமராக்கள் என் பக்கம் திரும்பின.

விழுந்ததும் அது குளிராகவே தெரியவில்லை. யாரோ நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. மேலே வந்தேன். ஏறு, ஏறு என்று கத்தினார்கள். நான் மறுபடி முங்கினேன். மேலே ஆரவாரம். மூன்றாவது முறை முங்கியபோது கண்ணைத் திறந்துவிட்டேன். பச்சையும் கறுப்புமாக அடி தெரியாமல் போய்க்கொண்டிருந்தது கடல். அதற்குள் நின்று யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் யாரோ அப்போதுதான் பார்வையைத் திருப்பிக்கொண்டதுபோல இருந்தது.

ஏணியில் ஏறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வயதான அம்மாள் என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். வோட்காவை வேண்டாம் என்றேன், அதற்கும் கைதட்டினார்கள். சாயங்காலம் பெயர் எழுதி, பென்குயின் படம் போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா இறந்ததற்கு நகராட்சி ஒன்று கொடுத்திருக்கும். நான் முங்கியதற்குக் கப்பல் ஒன்று கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் அவர் வரத் தொடங்கினார்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நம்பிய ஊரில் பிறந்தவன் நான். அங்கே அந்த மாதங்களில் இருட்டே இல்லை. சூரியன் தொடுவானத்தில் சாய்ந்து, விழுவதா வேண்டாமா என்று நின்றுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். அந்த ஓயாத வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள மூலை ஏது? அப்பா ஒளியவும் இல்லை. வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு செருமல் செருமுவார். உள்ளே இருப்பவர்கள் உடையைச் சரிசெய்துகொள்ள ஒரு அவகாசம். அந்தச் செருமல், சாமான் அறைக்கு வெளியே, தண்ணீர் புகாமல் இருக்க உயர்த்திக் கட்டிய நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கேட்கும். போய்ப் பார்ப்பேன். நீளமான நடைவழி. ஆணியில் தொங்கும் மழைக்கோட்டுகள். கடல் புரளப் புரள எல்லாக் கோட்டுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிரும்.

பத்தாம் நாள் சோற்றில் எள் கலந்து ஒரு உருண்டை பிடித்தேன். வைக்கக் காக்கை இல்லை. பறவைகள் இருந்தன, அவற்றுக்கு ஒரு பருக்கை போட்டாலும் குற்றம். கடலில் கரைக்கவும் கூடாது. தலைமைச் சமையற்காரர் பையச் சொன்னார், நான் பார்க்கவில்லை, வீசிவிடு என்று. மனம் வரவில்லை. அந்த உருண்டை, மீந்துபோன ரொட்டிகளோடு கட்டி வைத்த பையில், துறைமுகம்வரை எங்களோடு வந்தது. அப்பா வந்தாரா என்றுதான் தெரியவில்லை. கரை தெரிந்த நாளிலிருந்து செருமல் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் குறுக்குத்துறையில் முங்கி எழுந்தேன். தாமிரபரணி வெதுவெதுவென்று, எதையும் கேட்காமல் என்னை ஏற்றுக்கொண்டது. இனிக் கப்பல் வேண்டாம், டவுணில் ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, செருமலைச் சொல்லிவிட்டேன்.

அம்மா புளி உருட்டுவதை நிறுத்தினாள்.

"உங்கிட்ட வந்தாகளா?"

"சத்தம்தாம்மா. ஆளப் பாக்கல."

"நானும் தினம் பாக்கேன். சொப்பனத்துலகூட வரல. வீட்டுல எங்கனயும் இல்ல. நாப்பது வருசம் கூட இருந்தவளுக்கு ஒரு செருமல் கெடையாது, உனக்கு மட்டும் அங்கன வந்து செருமுதாகளோ?" குரலில் பொறாமை அப்பட்டமாக இருந்தது.

தம்பி உள்ளேயிருந்து வந்தான். "யம்மா, அப்பா மதுரைக்கே ரெண்டு தடவதான் போயிருக்காக. அங்கன எப்படிம்மா வழி கண்டுபிடிச்சாக?"

"ஏலே, ரயில்வே பார்சல் ஆபீசுல இருந்தவுகளுக்கு விலாசமா தெரியாது?" என்றாள் அம்மா. தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். "கூட்டிட்டு வந்தியா, விட்டுட்டு வந்தியா?"

"தெரியலம்மா."

"என்ன பதில் இது? மார்கழியில தலைல துண்டக் கட்டாம வாசலுக்குப் போகமாட்டாக. குத்தாலத்துல சாரல் விழுதுன்னா தென்காசியோட திரும்பிருவாக. அந்த மனுசன் அங்கன என்னத்தப் போத்திக்கிட்டுக் கெடப்பாக?"

"யம்மா, காரியமெல்லாம் முடிச்சாச்சு. அண்ணன் கடை போடணும்னு இருக்கான். கிறுக்குப் பிடிச்ச மாதிரி பேசாத," என்றான் தம்பி.

"கடைய அடுத்த வருசம் போடட்டும்." அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ போ, ஐயா. போயி இருக்காகளான்னு பாத்துச் சொல்லு. அது தெரியாம எனக்கு ஒறக்கம் வராது."

கீழரத வீதியில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கினாள். திருநெல்வேலி வெயிலில் நின்றுகொண்டு, இன்னும் தடிமனாக இல்லையா என்று கேட்டவளை, "அண்ணாச்சி எந்த ஊருக்குப் போறாக?" என்று அப்பா இறந்தது தெரியாத கடைக்காரர் விசாரித்தார். "காசிக்கு" என்று சொல்லிவிட்டாள்.

போனேன். அந்த வருஷம் என் அறையில் மேல்படுக்கை காலி. சால்வையை விரித்து வைத்தேன். முதல் பயணம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சாமான் அறை வாசலில் வேலையில்லாமல் நிற்பேன். மழைக்கோட்டுகள் சாயும், நிமிரும். வராத ஒருவருக்காகக் காத்திருப்பது, வந்தவருக்குப் பயப்படுவதைவிடக் கொடுமையாக இருந்தது.

துறைமுகத்துக்குத் திரும்பியதும் டெலிபோன் கூண்டிலிருந்து, எங்கள் தெரு முனை எஸ்.டி.டி. கடைக்குப் போன் போட்டேன். அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி, மறுபடி போட்டேன். மூச்சு வாங்க ரிசீவரை எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"இருக்காகளா?"

கம்பிக்குள் காற்று இரைந்தது. மேல்படுக்கையை நினைத்துக்கொண்டேன். விரித்த சால்வை, யாரும் படுக்காத சால்வை, கப்பல் ஆடும்போது லேசாக ஏறி இறங்கும்.

"படுத்திருக்காகம்மா," என்றேன்.

"போத்திருக்காகளா?"

"ஆமா."

"கொறட்ட விடுதாகளா?"

"இல்லம்மா. கொறட்ட கேக்கல."

அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள், பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோல.

"அப்ப இன்னும் ஒறங்கல. பைய நட. கதவ அடிக்காத."

போனை வைத்துவிட்டாள். அடுத்த பயணம் புறப்பட்ட பிறகு என் அறைக் கதவை இரண்டு கைகளாலும் பிடித்து, பையச் சாத்தக் கற்றுக்கொண்டேன்.