நாய்க்கு மட்டும் சிப்

வெர்னா ஸ்ட்ராட் வாயைத் திறந்தால் எங்கள் பாதிரியார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஊர்க் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே நாலைந்து கெட்ட வார்த்தைகளைத் தெரிந்துவைத்திருந்தன என்றால் அதற்கு அவள் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்தான் காரணம். அந்த பஸ்ஸைப் பழுதுபார்ப்பது என் வேலை. அவள் கியர் போடும் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

மூன்று கல்யாணம் செய்துகொண்டவள். முதல் புருஷன் செத்தான், இரண்டாமவன் ஓடினான், மூன்றாமவனை இவளே விரட்டினாள். மூவரில் யார் தேவலை என்று கேட்டால், செத்தவன்தான், அவன் இருக்கும் இடமாவது தெரிகிறது என்பாள். பிள்ளை கிடையாது. ஆனால் எந்தப் பிள்ளைக்குக் காது வலி, எது பல்வலியைச் சொல்லாமல் வருகிறது, எதற்கு இருமல் போன மாதத்திலிருந்து நிற்கவில்லை என்பதெல்லாம் பெற்றவர்களைவிட அவளுக்கு முன்னால் தெரியும். தலைக்கு மேலே பின்னிருக்கைகளைக் காட்டும் அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கிறதே.

எங்கள் கிழக்கு டெக்சாஸில் பைன் மரத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. மர மில் மூடியபோது சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் போனது. பிறகு ஆளுக்கொரு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கூலிக்கு மரம் வெட்டினோம், கூரை போட்டோம். இலவச வைத்தியம் கேட்டுப் போனால், உங்களுக்கு வருமானம் அதிகம் என்றார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனால் மாதத் தவணையைச் சொன்னார்கள். கேட்டதுமே நோய் வந்துவிடும். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் குறைந்த செலவில் ஒரு காப்பீடு கொண்டுவந்தது. அதன் நீளமான இங்கிலீஷ் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘சிப்’ என்று வரும். வினையே அந்தப் பெயரில்தான்.

காப்பீடு இல்லாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்க்கும் பொறுப்பு பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தது. தலைமையாசிரியை பிள்ளைகளிடம் நோட்டீஸ் கொடுத்தனுப்பினார். அத்தனையும் ராக்கெட்டாகி பஸ்ஸுக்குள் பறந்தது. கூட்டி அள்ளியவன் நான். அடுத்து ‘சிப் மாலை’ என்று போர்டு வைத்துக் கூட்டம் போட்டார். வந்தது மூன்று பேர். அதில் ஒரு அம்மாள் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் பீன்ஸ் கூழோடு வந்திருந்தாள். சிப்ஸ் இல்லை என்று தெரிந்ததும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குள் தீவனக்கடையில் ஒரு வதந்தி கிளம்பிவிட்டது. அரசாங்கம் பிள்ளைகளின் தோளுக்குள் சிப் வைக்கப்போகிறதாம், எங்கே போனாலும் மேலேயிருந்து பார்ப்பார்களாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எங்கே போய்விடும்? பெட்ரோல் பங்குக்குப் போகும், திரும்பி வரும். இதைப் பார்க்க வானத்தில் ஒருத்தனுக்குச் சம்பளமா என்று யாரும் கேட்கவில்லை.

வெர்னா தலைமையாசிரியையிடம் போய், காகிதத்தை விட்டுத்தள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மறுநாளே ஆரம்பித்தாள். காலையில் பிள்ளையை ஏற்றிவிட இரவு உடுப்போடு தாய்மார் வாசலுக்கு வருவார்கள். இவள் பஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, உன் பிள்ளைக்குக் காப்பீடு இருக்கிறதா இல்லையா என்பாள். பதில் வரும்வரை பஸ் நகராது; இல்லை என்றால் படிவத்தில் கையெழுத்து விழும்வரை நகராது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அவனுக்கும் இரண்டு வார்த்தை கிடைக்கும். தலையில் முடி சுருட்டும் கிளிப்போடு தெருவில் நிற்கிறவள் எவ்வளவு நேரம் வீம்பு பிடிப்பாள்? கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் தடத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்.

சேராதது ராய்ஸ் லெட்பெட்டரின் மகள் டெஸ்ஸா.

ராய்ஸ் என் வேட்டைக் கூட்டாளி. மனைவி ஹூஸ்டனுக்குப் போனவள் திரும்பவில்லை. அவனும் எட்டு வயது மகளும்தான். அந்தப் பெண்ணுக்குக் குளிர் வந்துவிட்டால் நெஞ்சு விசிலடிக்கும். பஸ் படி மூன்று ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கும். வெர்னா அதைத் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொள்வாள். ராய்ஸிடம் எத்தனை தரம் சொன்னாலும், என் மகள் உடம்பில் சிப் வைக்க விடமாட்டேன் என்பதுதான் பதில். டாக்டரிடம் காட்டுவதும் இல்லை. சுடுதண்ணீர் ஆவி பிடிக்க வைப்பான்.

ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம், ரக்கூன் வேட்டைக்கு வைத்திருந்த அவனுடைய நாயை விறகுக் குவியலுக்குள் இருந்து ஒரு விரியன் கடித்துவிட்டது. அந்தக் குளிரிலும் பாம்புக்கு என்ன வேலையோ. ராய்ஸ் நாயை மடியில் போட்டுக்கொண்டு அழ, நான் வண்டியை விரட்டினேன். கால்நடை டாக்டர் ஹார்ட்ஸெல் ஊசி போட்டு, பிழைத்துவிடும் என்றார். பிறகு வழக்கம்போல ஒரு சின்னக் கருவியை நாயின் முதுகில் ஓட்டினார். கீக் என்று சத்தம் வந்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க நாயின் தோலுக்கடியில் ராய்ஸ் வைத்திருந்த சிப் அது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பஸ் வந்து நின்றது. ரோட்டில் என் வண்டியையும் அதில் நாயோடு ராய்ஸையும் பார்த்துவிட்டு வெர்னா பஸ்ஸைத் திருப்பியிருக்கிறாள். டெஸ்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெர்னா உள்ளே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே மிச்சப் பிள்ளைகளின் மூக்குகள் பஸ் கண்ணாடியில் நசுங்கியிருந்தன.

“டாக்டரே, நாயை இறக்கிட்டு இதையும் கொஞ்சம் பாருங்க. இவ அப்பன் நம்புறது உங்களை மட்டுந்தான்.”

“இதுக்கு வால் இல்லையே வெர்னா.”

“அதனாலதான் யாரும் கண்டுக்க மாட்டேங்கிறாங்க.”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை அந்தப் பெண்ணின் முதுகில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். நாங்கள் எல்லாரும் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

“ராய்ஸ், உன் நாய் ஞாயித்துக்கிழமை ஓடும். இந்தப் பொண்ணைப் பத்தி என்னால அப்படிச் சொல்ல முடியாது. இன்னைக்கே மனுஷ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். திரும்ப மாட்டினான். வெர்னா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் பிள்ளையாக இருந்தபோதும் அவள் பஸ்ஸில்தான் போனான்.

“நாய்க்கு சிப் வச்சிருக்கியேடா.”

“அது வேற, மிஸ் வெர்னா.” நாயின் காதைத் தடவினான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: “தோளுக்குள்ள ஒண்ணும் வைக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். முட்டாள்னு பேர் வாங்கினாலும் வாங்குவ, பணம் கட்ட முடியாதவன்னு வாங்க மாட்ட. உங்கப்பனும் அப்படித்தான். பல்லு அத்தனையும் போய்ச் செத்தான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீவனக்கடையில் அந்த வதந்தியை உரக்கப் பேசினவர்கள் எல்லாருமே, வீட்டில் பிள்ளை இருமினால் டாக்டரிடம் போக வழியில்லாதவர்கள்தான். அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். என்னால் முடியவில்லை என்று சொல்ல வாய் வருமா?

“இப்ப என்ன செய்யணும்?” என்றான் ராய்ஸ்.

“முதல்ல ஆஸ்பத்திரி. வாசல்ல பணம் கேக்குறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். மத்தது நாளைக்கு. நாயை இவன் பார்த்துக்குவான்.” இவன் என்றது என்னை. என்னை யாரும் கேட்கவில்லை.

அத்தனை பிள்ளைகளோடும் பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனது. தாய்மார் எல்லாரும் பஸ்ஸைக் காணோம் என்று போலீசுக்குப் போன் போட்டிருந்தார்கள். பள்ளி நிர்வாகம் வெர்னாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அவளுக்குப் பதில் வந்த ஆளிடம் தாய்மார் யாரும் நின்று பேசவில்லை. பிள்ளைகளோ அவனுக்குப் பல புது வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தன. ஒரு வாரத்தில் அவனே போய், அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினான்.

ராய்ஸ் காப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். டெஸ்ஸாவுக்குப் பட்டணத்து டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார், அதை உறிஞ்சும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். வசந்தம் வருவதற்குள் விசில் நின்றுவிட்டது. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் இயல்பில் சாது இல்லை. பேச மூச்சில்லாமல்தான் அதுவரை சும்மா இருந்திருக்கிறது. இப்போது பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை ஓயாது. வீட்டிலும் அப்படித்தானாம். மீன் பிடிக்கக் கூட்டிப்போனால் ஏரியில் ஒரு மீன் நிற்பதில்லையாம்.

ஒருநாள் காலை ராய்ஸ் மகளை ஏற்றிவிட்டு பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மிஸ் வெர்னா, ராத்திரி பூரா தூங்க விடல. தவளைக்கு ஏன் முடி இல்லைன்னு கேக்குறா. இவ வாயைக் குறைக்க அந்தக் காப்பீட்டுல ஏதாவது வழி உண்டா?”

“என் வாய்க்கே கிடைக்கல. கதவை விடுடா,” என்று சொல்லிவிட்டு வெர்னா கியரைப் போட்டாள்.