பொட்டு வைத்த திருகாணிகள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் மனைவி பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர வேண்டும். எங்கள் தீவில், ஜெலுத்தோங்கிலிருந்து படகுத்துறை வரைக்கும், அக்கரையில் இறங்கிக் கிளினிக் வரைக்கும் தானே மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் அந்த வேலையை வாங்கியிருந்தாள். நாற்பத்து மூன்று வயதில் எடுத்த லைசென்ஸ். என் தொழிற்சாலை ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். நான் கொண்டுபோய் விட முடியாது. பஸ்ஸை நம்பினால் ஏழு மணி எட்டாகிவிடும். வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாட்டின் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் என் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிடி தொளதொளவென்று உள்ளே போனது. ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் பிரேக் எண்ணெய் பால் விடாத கோப்பி ஓ போலக் கறுத்துக் கிடந்தது. பின் பிரேக்கை மிதித்தே காலத்தை ஓட்டியவன் நான். புதிதாக ஓட்டுகிறவளுக்கு அது ஆகாது. பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அதற்குக் கிண்ணத்தின் மூடியைத் திறக்க வேண்டும். மூடியைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு திருகாணிகள்.

அரை மணி நேர வேலை என்று அவளிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

முதல் திருகாணியில் திருப்புளியை வைத்துத் திருகினேன். அசையவில்லை. அழுத்தித் திருகினேன். வழுக்கியது. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலைந்து தடவை திருகியதில், கூட்டல் குறிபோல இருந்த பள்ளம் வட்டக் குழியாகிவிட்டது. எப்போதோ வண்டியைப் பார்த்த வொர்க்‌ஷாப்காரன் முறுக்கி வைத்துவிட்டான் என்று அவனைத் திட்டினேன். கடல் காற்றையும் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப் எதுவும் திறந்திருக்காது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் திருகாணி கெட்டபோது, கோபத்துக்கு அடியில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பத்தொன்பது வருடமாக அவள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போயிருக்கிறாள். லாரிகளுக்கு நடுவே அவள் தனியாகப் போவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அதை வண்டி சொன்னால் சௌகரியம் என்று நினைத்தேன் போல.

மேலே போய், ஒரு வாரம் கழித்துச் சேரலாமா என்று கிளினிக்கில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு என்னோடு கீழே வந்தாள். நான் தொடாத இரண்டாவது திருகாணியைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அதன் பள்ளத்தைக் குத்தினாள். மஞ்சளும் துருவுமாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. அதை விரலில் தேய்த்து முகர்ந்தாள்.

"சந்தனம். நீங்க வச்சதுதான்லா."

ஆயுத பூஜைக்கு வருடா வருடம் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலை. விளக்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று. அப்புறம் இந்த இரண்டு திருகாணிகள். பொட்டு வைப்பதற்கென்றே யாரோ செய்து பொருத்தியதுபோல ஜோடியாக இருக்கும். சந்தனத்தை மோதிர விரலால் நன்றாக அழுத்தி, மேலே குங்குமம் வைப்பேன். இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து வைத்த ஒன்பது வருடச் சந்தனம் மழையிலும் உப்புக் காற்றிலும் துருவோடு சேர்ந்து பள்ளத்துக்குள் கட்டியாகிவிட்டது. என் திருப்புளி பாதிகூட உள்ளே இறங்காமல்தான் வழுக்கியிருக்கிறது. வொர்க்‌ஷாப்காரனை வீணாகத் திட்டியிருக்கிறேன்.

அவள் பள்ளத்தை அடிவரை சுரண்டி எடுத்தாள். திருப்புளி இப்போது முழுதாக இறங்கி உட்கார்ந்தது. அதன் தலையில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, நிதானமாகத் திருகினேன். 'டிக்' என்று விட்டுக்கொடுத்தது.

நான் கெடுத்த திருகாணிக்கு அந்த வைத்தியம் எடுபடாது. வீட்டிலிருந்த டிரில்லை எடுத்து வந்து அதன் தலையை மட்டும் துளைத்து எடுத்தேன். தூளைத் துடைத்துவிட்டு மூடியைத் தூக்கியதும், மிச்சமிருந்த தண்டு குறட்டுக்கு எளிதாகச் சுழன்று வந்தது. அதற்குள் அவள் சந்தைப் பக்கத்து இரும்புக் கடைக்கு நடந்துபோய், துருப்பிடிக்காத திருகாணி இரண்டும் ஒரு புட்டி பிரேக் எண்ணெயும் வாங்கி வந்திருந்தாள்.

எண்ணெய் மாற்ற இரண்டு பேர் வேண்டும். நான் சக்கரத்தருகே உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து பழைய எண்ணெய் வடியும் குமிழைத் திறக்க, அவள் மேலே பிடியை அழுத்தினாள். நான் மூடியபிறகுதான் அவள் விட வேண்டும். முந்திக்கொண்டால் காற்று உள்ளே புகுந்துவிடும். நான் 'புடி' என்பேன், அவள் 'புடிச்சாச்சு' என்பாள். ஒரு தடவைகூட அவள் முந்தவில்லை. கறுப்பு போய், வெளுத்து, கடைசியில் தெளிவான எண்ணெய் வந்தது. பிடி கெட்டிப்பட்டது என் கைக்குத் தெரியுமுன் அவள் முகத்தில் தெரிந்தது.

புதுத் திருகாணிகளை முடுக்கியதும், இனிமேல் பொட்டு விளக்குக்கு மட்டும் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள்.

பின்னால் உட்கார்ந்தபோதுதான், பத்தொன்பது வருடம் அவள் என்ன பார்த்திருப்பாள் என்று தெரிந்தது. முன்னால் ஒரு முதுகு. சாலை ஓரமாகக் கொஞ்சம். சமிக்ஞை விளக்கு சிவப்பானது. முன்னே ஒரு லாரி. என்னை அறியாமல் என் இரண்டு கால்களும் மிதியை விட்டுத் தார்ச்சாலைக்கு இறங்கின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கால மேல வைங்க," என்றாள். "நிக்கும்."

வைத்தேன். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்பே வண்டி நின்றது. நாளைக்கு இந்த இடத்தில் நான் இருக்கப் போவதில்லை. பயம் போய்விடவில்லை. ஆனாலும் வீடு திரும்பும் வரை என் கால்கள் கீழே இறங்கவில்லை.