திறந்து கிடந்த பாலத்துக்குத் திறப்பு விழா

1. காலையில் வந்த போன்

“மெம்பரு, பாலத்த மறிச்சிட்டாங்க. உங்க அண்ணன் ஜீப்புல உக்காந்திருக்காரு, போக விடமாட்டேங்குறாங்க. நீ கொஞ்சம் வா புள்ள.”

போனில் பார்வதியக்கா. அவர் புருஷன் முருகையா அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் கூடலூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கும். எந்தெந்தக் கிழமை என்பது எங்கள் வார்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கும் அந்தக் கிழமைதான்.

தேவாலாவுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் லைனுக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நான் வார்டு மெம்பர். பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறித்தவள். சுயேச்சையாக நின்று இரண்டு தடவை ஜெயித்தேன். இப்போது புதிதாக ஜெயித்து வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, “அக்கா, ஆபீசர்ககிட்ட எப்படிப் பேசணும்?” என்பதுதான். பேசுவதெல்லாம் தானாக வந்துவிடும். எதற்குக் கோபப்பட வேண்டும் என்பதை மறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதனால்தான் இந்தப் பாலத்தின் கதையை எழுதுகிறேன்.

2. தகரம்

லைனுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீர். எங்கள் பக்கம் மழை பிடித்தால் விடாது. அப்போது அதே ஓடை ஆளை இழுத்துக்கொண்டு போகும். பல வருஷமாக இரண்டு பாக்கு மரங்களைச் சேர்த்துக் கட்டிய பாலம்தான். அதன்மேல் முருகையா அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக் கடப்பார்கள். பார்வதியக்கா பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்.

நடையாய் நடந்து கான்கிரீட் பாலம் வாங்கினோம். ஜீப் போகுமளவுக்கு அகலம். மழைக்கு முன்பே வேலை முடிந்தது. அன்றே காண்ட்ராக்டர் இரண்டு முனையிலும் தகரத்தை அடித்து மூடிவிட்டார்.

“எதுக்குங்க தகரம்?” என்று யூனியன் இன்ஜினியரிடம் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். சில சமயம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

“தொறப்பு விழா ஆகோணுமில்லீங்க. தேதி கேட்டிருக்குதுங்க மெம்பர்.”

தேதி எப்படி வரும்? பாதிப் பணம் டெல்லித் திட்டம், பாதி சென்னைத் திட்டம். கல்வெட்டில் எம்.பி. பெயர் மேலேயா, அமைச்சர் பெயர் மேலேயா என்று சண்டை. ஒரு கல் செதுக்கி வந்தது. அதில் யாரோ ஒரு மாவட்டப் பிரமுகர் பெயர் விட்டுப்போய்த் திரும்பிப் போனது. கடைசியில் கரைக்கு ஒன்றாக இரண்டு கல் வைப்பது என்று முடிவு செய்தார்கள். முப்பது அடிப் பாலத்துக்கு இரண்டு கல்வெட்டு! அந்தக் கல் காசில் ஒரு தெருவிளக்கு போட்டிருக்கலாம் என்று சொன்னேன். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

மழை வந்தது. புதுப் பாலம் தகரத்துக்குப் பின்னால் பத்திரமாக நனைந்துகொண்டு நிற்க, பக்கத்திலேயே வழுக்கும் பாக்கு மரத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர். ஒருநாள் முன்னால் போனவன் கால் நழுவி, நாற்காலி சாய்ந்து, அண்ணனின் ஒரு செருப்பு ஓடையில் போயிற்று. நல்லவேளை, செருப்போடு போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தகரத்தைப் பிய்த்து எறிந்தோம். இன்ஜினியர் வந்து பார்த்தார், பார்க்காத மாதிரி போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுக்க ஜீப் போயிற்று, பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், கொழுந்து மூட்டை போயிற்று. பாலம் திறந்தாகிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

3. சிவப்புக் கம்பளம்

போன் வந்த அன்றைக்கு, தேவாலாவில் ஒரு வேலையாக இருந்த நான் ஓடிப் போய்ப் பார்த்தால், என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. இரண்டு முனையிலும் வாழை மரம், குறுக்கே ரிப்பன், பாலத்தின் நீளத்துக்கும் சிவப்புக் கம்பளம். ரோட்டுப் பக்கம் ஷாமியானா. பழைய பாக்கு மரப் பாலத்தைக் காணவே காணோம். போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று முந்தின நாளே அறுத்து எடுத்துவிட்டார்களாம்.

அக்கரையில், லைனுக்கு வாடகை ஜீப் ஓட்டும் மலையாளத்துத் தம்பி ஷாஜியின் ஜீப் நின்றது. முன்சீட்டில் முருகையா அண்ணன். முகம் உப்பி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சார் இது? மழைக்காலம் பூரா போய்ட்டு வந்த பாலத்த மூடி வச்சுத் தொறக்கறீங்களா?”

இன்ஜினியர் கையைப் பிசைந்தார். “ஏனுங்க, சத்தம் போடாதீங்க. ரெண்டு மணி நேரந்தானுங்க. அமைச்சர் பெரியவரு நாடுகாணில மரக்கன்னு நட்டுட்டு இருக்காருங்க. முடிச்சுட்டு நேரா இங்கதான்.”

“ஜீப்ப மட்டும் விடுங்க.”

“கம்பளம் சேறாயிருமுங்க. வேற கம்பளத்துக்கு நானெங்க போவேன்?”

கம்பளம் சேறாகிவிடுமாம். கேட்டீர்களா? அதற்குள் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஓடி வந்து என்னை ஓரமாக இழுத்தார்.

“இன்னிக்கு மட்டும் உன்ற கோவத்த அடக்கிக்க, தாயி. பட்டா மனு குடுக்கறோம், பச்சத் தேயில வெலைக்கு டெல்லில பேசச் சொல்லி மனு குடுக்கறோம். பெரியவர் மனசு வெச்சாத்தான ஆகும்? ஒரு ஆளுக்காக ஊரையே கெடுத்துராத.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் லைனில் முக்கால்வாசி வீட்டுக்குப் பட்டா கிடையாது. அந்த மனுவை எழுதியதே நான்தான். பெரியவர் கையில் நேராகக் கொடுக்க இப்படி ஒரு நாள் மறுபடி வராது. ‘ஒரு ஆளுக்காக’ என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த ஆளுக்காக இந்தப் பாலத்தைக் கேட்டோமோ அந்த ஆள்தானே அக்கரையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்!

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ரிப்பனுக்குக் கீழே குனிந்து கம்பளத்தின் மேல் நடந்தேன். ஒரு போலீஸ்காரத் தம்பி, “மேடம், மேடம்” என்று பின்னாலேயே வந்தான்.

ஷாஜி ஜீப்பை விட்டு இறங்கினான். “சேச்சி, இனி லேட்டானா அங்க பெட்டு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, கேட்டோ.”

“அண்ணே, என்ன பண்ணுது?” என்றேன்.

முருகையா அண்ணன் சிரிக்கப் பார்த்தார். “சிலோன்லயிருந்து வந்து கப்பல விட்டு எறங்கின நாள்லயிருந்து காத்துக்கிட்டுத்தான் புள்ள இருக்கேன். தேயிலக் காட்டு வேலைக்கு, வீட்டுக்கு, பட்டாவுக்குன்னு. காத்திருக்கிறது எனக்குப் பழக்கம். இந்த மூச்சுக்குத்தான் பழக்கமில்ல. அதுக்கு யாரு வாறாங்கன்னு வெளங்க மாட்டேங்குது.”

பார்வதியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. ரிப்பனை அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்தேன். இந்த முனையில் அவிழ்த்து, அந்த முனைக்கு நடந்து போய் அதையும் அவிழ்த்து, ஒழுங்காக மடித்து இன்ஜினியர் கையில் கொடுத்தேன்.

“கசங்கல சார். ஜீப்பு போனதும் மறுபடி கட்டிக்குங்க. கம்பளத்தச் சுருட்டறதுன்னா இப்பவே சுருட்டிக்குங்க.”

யாரும் அசையவில்லை. அக்கரையிலிருந்து எங்கள் பெண்கள்தான் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள், வீட்டுப் பாய் மாதிரி. பின்னாலேயே ஜீப் வந்தது. ஷாஜி ஹாரன் அடித்துக்கொண்டே கூடலூர் ரோட்டில் ஏறிப் போனான். தலைவர் தலையில் கைவைத்து ஷாமியானாவில் உட்கார்ந்துவிட்டார்.

4. விழா

மத்தியானத்துக்குப் பிறகு பெரியவர் வந்தார். அதற்குள் கம்பளத்தை விரித்து, அதே ரிப்பனைக் கட்டிவிட்டார்கள். அவர் வெட்டினார். கைதட்டினார்கள். “இன்று முதல் இந்த மக்களுக்கு விடிவுகாலம்” என்று பேசினார். பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மனுவைக் கொடுத்தேன். பிரிக்காமல் பின்னால் நின்றவரிடம் நீட்டினார். அவர் இன்னொருவரிடம் நீட்டினார். அதற்குமேல் அது எங்கே போனதென்று தெரியாது. பட்டா இன்னும் வரவில்லை. தேயிலை விலையும் ஏறவில்லை.

நான் போட்ட சத்தத்தால்தான் பட்டா வரவில்லை என்று தலைவர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். நான் சத்தம் போடாத அத்தனை வருஷமும் அது ஏன் வரவில்லை என்று கேட்டால் தேயிலை விலைப் பேச்சுக்குத் தாவிவிடுகிறார்.

அண்ணனுடைய பெட்டை அன்றைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் அம்மா புண்ணியத்தில் வேறொரு மிஷின் காலியானதும் எப்படியோ அவருக்கு டயாலிசிஸ் செய்தார்கள். சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தபோது, ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

“தொறந்தாச்சா புள்ள?”

“தொறந்துட்டாங்க அண்ணே.”

“நல்லது. இனிமேப்பட்டு நாம போய் வரலாம்” என்றார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

5. புதிதாக வந்தவர்களுக்கு

ஜெயித்து வந்த பிள்ளைகளே, ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரோடோ, குழாயோ, கட்டடமோ, வேலை முடிந்த அன்று சாயங்காலமே ஜனங்களை அதில் விட்டுவிடுங்கள். தேதி வரட்டும் என்று யாராவது சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிடுங்கள். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு பெரியவர் வந்தாலும் அவர் இரண்டாவதாக வரட்டும்.

போன வாரம் இன்ஜினியர் போன் பண்ணினார். அதே பயந்த குரல்.

“மெம்பருங்க, அங்கன்வாடிக் கட்டடம் முடிஞ்சுதுங்களே. சாவியக் கேட்டா காண்ட்ராக்டர் உங்ககிட்டக் குடுத்துட்டேங்கறானுங்க. தொறப்பு விழாவுக்கு மேல தேதி கேட்டிருக்குதுங்க. அதுவரைக்கும் பூட்டியே இருக்கட்டுமுங்க.”

“பூட்டறதுக்கு இல்லீங்க சார். புள்ளைக சாப்புட்டுட்டு உள்ள தூங்குதுக” என்றேன். “யாரு வந்தாலும் செருப்ப வாசல்ல கழட்டிட்டு, சத்தம் போடாம வரச் சொல்லுங்க.”